நான்காம் கியரில் ஒரு விக்கல்

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று நான் சொல்லாதது ஒரே ஒரு சொல்: "நான்."

சென்னியப்பன் அண்ணன் ஆனைமலையிலிருந்து மிதுனின் டியூனிங் கடைக்கு வந்திருந்தார். தன் பிக்கப்பை அவிநாசி ரோடு வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவர், இறங்கியதும் பானெட்டில் கையை வைத்துக்கொண்டே நின்றார். "ஏனுங்க மிதுன் தம்பி, என்ற வண்டிதானுங்களா இது? இந்த இழுவை இழுக்குது! ஆருங்க இந்த வேலையப் பண்ணுனது?"

மிதுன் யோசிக்கவே இல்லை. "நாங்கதானுங்க."

அப்படிச் சொன்னபோது என் பக்கம் பார்த்தான் என்று எழுத ஆசை. பார்த்தானா என்று நிச்சயமில்லை. அவன் புருவத்தில் கிரீஸ் ஒட்டியிருந்தது.

"நாங்க" என்பது பொய்யும் இல்லை. டர்போவை மாற்றியது, புகைக்குழாயை அகலமாக்கியது எல்லாம் அவன் கை. ஆனால் எப்போது எவ்வளவு டீசல் போக வேண்டும், எந்த வேகத்தில் கியர் மாற வேண்டும் என்று வண்டியின் கணினிக்குச் சொல்கிற கோப்பு என்னுடையது. வெயில்காலம் முழுவதும் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணனின் இடது முழங்காலில் கம்பி வைத்திருக்கிறது, கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் ஆட்டோமேட்டிக் வண்டி. ஆட்டோமேட்டிக்கில் கை வைக்க இந்த ஊரில் பலரும் தயங்குவார்கள்.

செப்டம்பர் ஏழாம் தேதி சின்னியம்பாளையத்தில் டைனோ நாள். பல ஊர்க் கடைக்காரர்கள் தாங்கள் மாற்றிய வண்டிகளைக் கொண்டுவந்து உருளைமேல் ஏற்றி, சக்தியை அளந்து காட்டுவார்கள். போர்டில் வண்டி, கடை, டியூனிங் செய்தவர் என்று மூன்று பத்தி. "மூணாவதுல உம் பேருதான் வரும், இந்து" என்று மிதுன் ஏப்ரலிலேயே சொல்லியிருக்கிறான். அதை நம்பித்தான் பம்ப் கம்பெனி வேலையை விட்டேன். அம்மாவிடம் வேறு காரணங்கள் சொன்னேன்.

ஆகஸ்ட் 20, புதன்

சென்னியப்பன் அண்ணன் வண்டிக்கு முதல் டைனோ ஓட்டம். டைனோவைப் பார்த்துக்கொள்பவர் ஜெரால்டு அண்ணன். பின்சக்கரங்களை உருளைகள்மேல் நிறுத்தி, நாலு பக்கமும் பட்டை போட்டு இழுத்துக் கட்டி, முன்னால் பெரிய மின்விசிறியை வைத்தார். வண்டி நின்ற இடத்திலேயே நூற்றைம்பதில் போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும்.

ஆட்டோமேட்டிக்கை அளப்பதில் ஒரு தொல்லை உண்டு. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால், ஓட்டுகிறவருக்கு அவசரம் என்று நினைத்து வண்டி தானாகவே மூன்றாம் கியருக்கு இறங்கிவிடும், வரைகோடு குப்பையாகிவிடும். அப்படி இறங்காமல் நான்கிலேயே பிடித்து வைக்கத் தனியாக ஒன்று எழுதியிருந்தேன். அது வேலை செய்தது. சந்தோஷப்படுவதற்குள் வேறொன்று கேட்டது.

நான்காம் கியரில் ஏறிக்கொண்டே போன சத்தம் நடுவில் ஒருமுறை அறுந்து மறுபடி பிடித்துக்கொண்டது. இழுத்துப் பாடுகிறவருக்கு விக்கல் எடுத்ததுபோல. திரையிலும் கோடு அந்த இடத்தில் சிறிதாகக் குழிந்தது.

"ரோலர்ல ஒண்ணும் இல்லம்மா. வண்டிதான் விக்குது" என்றார் ஜெரால்டு அண்ணன்.

மிதுன் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் நிறையப் பேசுகிறான். உள்ளே வந்து உச்ச சக்தியின் அளவை மட்டும் பார்த்தான். "செமயா வந்திருக்கு!" குழியை அவன் கவனிக்கவில்லை. நானும் காட்டவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

விக்கல் என் பிழைதான். கண்டுபிடித்துவிட்டேன்.

ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே எண்ணெய்தான் சக்தியைக் கடத்துகிறது. வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு தட்டு இரண்டையும் இறுகப் பூட்டிவிடும். எந்த வேகத்தில் பூட்ட வேண்டும், எந்த வேகத்தில் திறக்க வேண்டும் என்று நான்தான் குறித்துக் கொடுத்தேன். இரண்டையும் மிக நெருக்கமாக வைத்துவிட்டேன். பூட்டியவுடன் திறந்து, திறந்தவுடன் மறுபடி பூட்டுகிறது. கடைசிச் சொட்டுச் சக்திக்கு ஆசைப்பட்ட பிழை.

பேக்கரியில் டீ குடிக்கும்போது மிதுனிடம் சொன்னேன். சமவெளியில் ஒன்றும் தெரியாது, ஆனால் பாரத்தோடு மலை ஏறினால் அந்தத் தட்டு தேய்ந்து கருகி, பாதி வழியில் கியர்பெட்டியே போய்விடும் என்றும் சொன்னேன்.

"அட, இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? சரி பண்ணிரலாம் வுடு." என் பன்னில் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டான். "ஆருகிட்டயும் சொல்லாத. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

நம்ம ரெண்டு பேருக்குள்ள.

எங்கள் இருவருக்குள் என்று இருக்கும் முதல் விஷயம் ஒரு பிழை என்பது வேடிக்கைதான்.

ஆகஸ்ட் 23, சனி

மிதுன் கோப்பின் பிரதி கேட்டான். "உன்ற லேப்டாப் புட்டுக்கிச்சுன்னா என்ன பண்றது? எங்கிட்டயும் ஒண்ணு கெடக்கட்டும்."

"விக்கல் இன்னும் அப்படியேதான் இருக்கு. திங்கக்கிழமை சரி பண்ணிட்டுத் தர்றேன்."

"இருக்கறதக் குடு. பொறகு மாத்திக்கலாம்."

பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். நாளை அவன் கரூர் போகிறானாம், சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் கடை நாற்காலியில் விரித்து வைத்திருந்தான். அவனுக்கு வெள்ளை எடுப்பாக இருக்கும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாவு ஆட்டினேன். மொட்டை மாடியில் தொட்டியைக் கழுவினேன். திருப்பூர் வரனைப் பற்றி அம்மா மறுபடி ஆரம்பித்தாள். "தீபாவளி கழியட்டும்மா" என்றேன். "ஏஞ்சாமி, தீவாளிக்கு என்ன வருது?" என்றாள். குக்கர் விசில் அடித்தது, எழுந்து போனேன்.

நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தை மாலையில் முடித்தேன். நிலப்படம் வரைபவர்களைப் பற்றியது. சிலர் தங்கள் படத்தில் இல்லாத ஊர் ஒன்றை வேண்டுமென்றே குறித்து வைப்பார்களாம். வேறொருவர் படத்திலும் அந்த ஊர் இருந்தால் அவர் திருடியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். எத்தனை ஊர்கள் அப்படிப் பொய்யாகவே பெயரோடு இருந்து மறைந்திருக்கும்!

மிதுனிடமிருந்து போன் இல்லை. காதுகுத்து வீட்டில் சத்தமாக இருக்கும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

விக்கலைச் சரி செய்துவிட்டேன். பூட்டும் வேகத்தையும் திறக்கும் வேகத்தையும் நன்றாக விலக்கி வைத்தேன். உச்சத்தில் கொஞ்சம் குறையும். பரவாயில்லை. அண்ணனின் வண்டியில் ஏற்றி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், நான்காம் கியர் நீரோட்டமாகப் போகிறது. எனக்கே ஓட்டிக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது.

மிதுன் கரூரிலிருந்து அம்மாவுக்கு ஒரு போர்வை கொண்டுவந்தான். நல்ல கனமான போர்வை. "காதுகுத்து எப்படி?" என்றேன். "ம், ஒரம்பரை சனமெல்லாம் நெறைய" என்றான்.

"அந்தப் பழைய பிரதிய அழிச்சுரு. புதுசு தர்றேன்."

"அழிச்சர்றேன்" என்றான். புதியதைக் கேட்கவில்லை.

அவன் ஏதோ சோர்வாகத் தெரிந்தான். பேச்சுக்காக அந்த நிலப்படக்காரர்களின் கதையைச் சொன்னேன். இல்லாத ஊர், பிடிபடும் திருடன். இப்படிப்பட்டவை அவனுக்குப் பிடிக்கும், பெரிதாகச் சிரிப்பான். இன்று சிரிக்கவில்லை. ஏற்கெனவே துடைத்திருந்த ஸ்பானரையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

களைப்பாக இருக்கும். கரூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பான்.

ஆகஸ்ட் 30, சனி

மழை. கடைக்கு ஒரு வண்டியும் வரவில்லை. மிதுன் நகைக்கடையில் ஒரு வேலை என்று மதியமே கிளம்பினான். அம்மா போர்வையைப் பிரித்துப் போர்த்திக்கொண்டாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

போர்டில் பெயரை "இந்துஜா" என்று போடுவதா, "சு. இந்துஜா" என்று போடுவதா? இதை யோசித்து ஒரு மாலை முழுவதும் போயிற்று. என்னைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. தலைப்பெழுத்தோடு என்று முடிவு செய்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

காலையில் எங்கள் வண்டிக்கு ஐந்தாவது முறை. சென்னியப்பன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லாரிடமும் "என்ற வண்டி வரட்டும் பாருங்க" என்று சொல்லித் திரிந்தார். மிதுன் அந்த வெள்ளைச் சட்டையில் இருந்தான்.

நான்காவதாக ஏறியது ஒரு கரூர் வண்டி. அதே கம்பெனி, அதே மாடல், அதே ஆட்டோமேட்டிக். அதிலிருந்து முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குதித்து இறங்கினார். மிதுனைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

"மாப்பிள்ளைகிட்டச் சொல்லாமயே வந்துட்டமுங்க! ஒரு சர்ப்ரைசா இருக்கட்டும்னு. நீங்க போட்டுக் குடுத்ததுக்கப்பறம் வண்டி பறக்குதுங்க."

மிதுன் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை அவன் முகத்தில் நான் பார்த்ததில்லை. பல் மட்டும் தெரிந்தது.

அவர் பெயர் குணசீலன், கரூரில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஜெரால்டு அண்ணன் போர்டு அருகே பேனாவோடு நின்று, "டியூனிங் யாருங்க?" என்றார். "எங்க மாப்பிள்ளைதானுங்க. மிதுன்னு போடுங்க. போன மாசம் எங்க ஊட்டுக்கு வந்து நிச்சயத்தன்னைக்கே லேப்டாப்ப எடுத்துட்டு ஒக்காந்துட்டாருங்க. எங்கப்பாவுக்கு ஒரே பெருமை. பொண்ணு பக்கத்துல நிக்குது, இவரு வண்டிக்கடியில நிக்கறாரு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெரால்டு அண்ணன் மூன்றாவது பத்தியில் "மிதுன்" என்று எழுதினார்.

நான் அப்போதுகூட வேறு மாதிரி நினைத்தேன். அவனே கற்றுக்கொண்டு ஒன்று எழுதியிருக்கலாம் என்று. மனசு எவ்வளவு வேகமாகச் சாக்கு தேடுகிறது!

குணசீலன் ஸ்டீரிங்கைப் பிடித்தார். வண்டி ஏறியது. இரண்டு, மூன்று, நான்கு. மூன்றுக்குத் திரும்பி இறங்கவில்லை. நான்கிலேயே நின்று இழுத்தது. பிறகு அந்த இடம் வந்தது. சத்தம் அறுந்து, மறுபடி பிடித்தது.

என் விக்கல்.

பெற்றவள் தன் குழந்தையை அழுகையிலேயே அடையாளம் கண்டுகொள்வாள் என்பார்கள். நான் திரையைப் பார்க்கவே இல்லை. ஜெரால்டு அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கும் இது இரண்டாவது முறை. நான் மிதுனைப் பார்த்தேன். மிதுன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது ஓட்டம். மறுபடி விக்கல், இந்தமுறை இரண்டு தடவை. எண்ணெய் சூடாகிற வாடை வந்தது.

"மாப்பிள்ளை, அந்த விக்கலச் சித்தப் பாருங்க" என்று குணசீலன் கண்ணாடி வழியாகக் கத்தினார். "வெள்ளிக்கிழமை ஒரம்பரையெல்லாம் பின்னால ஏத்திக்கிட்டுக் கொல்லிமலை ஏறோணும். கோயில்ல பொங்கல் வெக்கறமுங்க."

மிதுன் லேப்டாப்பைத் திறந்தான். எந்த அட்டவணையைத் திறப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. டீசல் அளவைத் திறந்தான், மூடினான். காற்றைத் திறந்தான், மூடினான். பிறகு எண்ணெய்ச் சூட்டு எச்சரிக்கையைத் திறந்து, அதன் வரம்பைத் தூக்கி வைக்கப் போனான். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம்.

கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. பின்னால் ஆட்கள்.

"அத மாத்தாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நாலாவது கியர்ல தட்டு பூட்டற வேகமும் திறக்கற வேகமும் ஒட்டி இருக்கு. அதத் தள்ளி வெக்கணும். இப்படியே மலை ஏறுனீங்கன்னா பாதியில கியர்பாக்ஸ் போயிரும்."

குணசீலன் இறங்கி வந்தார். "உங்களுக்கெப்படிங்க தெரியும்?"

"அத எழுதுனது நான்."

இருபது நாளைக்கு முன்னால் சொல்லாத சொல் அது.

மின்விசிறி மட்டும் ஓடியது. மிதுன் எழுந்து நின்றான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். தனியாகக் கூப்பிட்டுப் பேசு என்று சொல்ல வாய் திறந்தேன், அவன் மானத்தைக் காப்பாற்ற.

"அவங்களே ஒத்துக்கிட்டாங்க பாத்தீங்களா மச்சான்" என்றான், என்னைப் பார்க்காமல். "ஆமா, கோப்பு அவங்க எழுதுனதுதான். எங்க கடையில வேலை பாக்கறவங்க. வேணும்னே உள்ள பிழைய வெச்சிருக்காங்க. ஆராச்சும் எடுத்தா மாட்டட்டும்னு. எங்கிட்டயே சொன்னாங்க, மேப்பு போடறவங்க திருடனப் புடிக்கப் பொய் ஊரு வெப்பாங்கன்னு. சொன்னியா இல்லியா இந்து? சொல்லு."

சொன்னேன். சொன்னதுதான்.

அது என் வேலை என்று அவன் எல்லார் முன்னாலும் சொன்னது இதுவே முதல்முறை.

"ஒரு ஊட்டு ஆளுக மலை ஏறற வண்டிங்க இது" என்றார் குணசீலன். கோபம் இல்லை, அருவருப்பு. "அதுல போயி பொறி வெப்பீங்களா?"

"பொறி இல்லீங்க. தெரியாம வந்த பிழை. இருபதாந்தேதி இதே ரோலர்ல கேட்டது. அடுத்த நாளே இவர்கிட்டச் சொன்னேன். ஜெரால்டு அண்ணனுக்கும் தெரியும்."

ஜெரால்டு அண்ணன் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "வண்டி விக்குச்சு, அது தெரியும். ஏன் விக்குச்சுன்னு எனக்கு என்னம்மா தெரியும்? உங்க கடைச் சண்டைய வெளிய வெச்சுக்குங்க. அடுத்த வண்டிய ஏத்துங்கப்பா."

"நான் இப்பவே சரி பண்ணித் தர்றேங்க" என்று குணசீலனிடம் சொன்னேன்.

"வேண்டாமுங்க. நீங்க இனி அதுல கை வெக்க வேண்டாம்."

"சரி. மலைக்கு மட்டும் இந்தக் கோப்போட போகாதீங்க. கம்பெனியில குடுத்துப் பழையபடி மாத்திக்குங்க."

அதற்கு அவர் தலையசைத்தார். அதுவரைக்கும் போதும்.

அடுத்தது எங்கள் முறை. சென்னியப்பன் அண்ணன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். என்னைப் பார்த்து, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்: "என்ற வண்டியிலயும் அப்படி ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா, அம்மிணி?"

"இல்லீங்கண்ணா."

"ம்." சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "இன்னைக்கு வேண்டாமுங்க."

வண்டி உருளையில் ஏறவே இல்லை. நான்காம் கியர் அதில் எப்படி ஓடுகிறது என்று யாருக்கும் கேட்கவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

கடைக்குப் போகவில்லை. அம்மா ஏன் என்று கேட்டாள். தலைவலி என்றேன். போர்வையை எடுத்து எனக்குப் போர்த்திவிட்டாள். அவள் அந்தப் பக்கம் போனதும் எடுத்து மடித்து வைத்தேன்.

செப்டம்பர் 13, சனி

ஜெரால்டு அண்ணன் போன் செய்தார். கரூர் வண்டிக்குக் கம்பெனிக் கோப்பையே மறுபடி ஏற்றிவிட்டார்களாம், கொல்லிமலை போய்வந்துவிட்டதாம். "ஒண்ணும் ஆகலம்மா. உங்கிட்டச் சொல்லோணும்னு தோணுச்சு." பிறகு, "மிதுன் நம்ம ரெகுலர் கஸ்டமரு, இல்லீங்களா" என்றார். நான் ஆமாம் என்றேன்.

பீளமேட்டில் இரண்டு கடைகளில் வேலை கேட்டேன். ஒருவர் வெளியே வந்து பேசவே இல்லை. இன்னொருவர், "ஓ, அந்தப் புள்ளையா நீங்க?" என்றார்.

எதை எண்ணிக்கொண்டே இருக்கிறேன் என்றால், அந்தக் கதையை நான் சொன்னபோது மிதுன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்ததை. அப்போதே பதிலைத் தயார் செய்து வைத்துவிட்டாரா? நான் கதையைச் சுவையாகச் சொல்ல வேண்டுமே என்று கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மிதுனின் கல்யாணப் பத்திரிகை வந்தது. ஐப்பசியில், கரூரில். அவருடைய அக்கா மஞ்சள் குங்குமத்தோடு வந்து கொடுத்துவிட்டுப் போனார். "நல்ல எடமாட்டத் தெரியுது" என்றாள் அம்மா, படித்துவிட்டு. பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு பத்திரிகையை அலமாரியின் மேல்தட்டில், எனக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

தீபாவளியைப் பற்றி அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

சென்னியப்பன் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு சாக்கு இளநீரை வாசலில் இறக்கி வைத்தார். அம்மா காப்பி கொடுத்தாள். காலை நீட்டி உட்கார்ந்து, வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினார்.

"வண்டி எப்படிங்கண்ணா?"

"அதுக்கென்னங்க, சும்மா வெண்ணையாட்டப் போகுது. ஒரு கொறை சொல்ல முடியாது." டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "ஆனாப் பாருங்க அம்மிணி, வால்பாறை ரோட்டுல ஏறும்போதெல்லாம் காத மட்டும் அதுலயே வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கறேன். எப்ப விக்குமோ, எப்ப விக்குமோன்னு. ஊட்டுல அவ ஏற மாட்டேங்கறா. நீங்க அப்படி வெக்கற ஆளில்லைன்னு எனக்குத் தெரியுமுங்க. இருந்தாலும் மனசு கேக்க மாட்டேங்குது. பழையபடியே இருந்துட்டுப் போகட்டும்."

"மிதுன் கடையில கேக்கலீங்களா?"

"கேட்டனுங்க. ரெண்டு நாள் வெச்சிருந்தாரு. கழட்டத் தெரியலைன்னு சொல்லிப்போட்டாரு."

வண்டியைத் தொடும் முன்பே கம்பெனிக் கோப்பை எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தேன். வேலை தெரிந்தவர்கள் முதலில் செய்வது அதைத்தான். லேப்டாப்பைக் கொண்டுவந்து, வாசலிலேயே, மழை பெய்துகொண்டிருக்கும்போதே இணைத்தேன். என்னுடையதை அழித்துவிட்டு அதை ஏற்றினேன். திரையில் பச்சைக் கோடு நிறைகிற வரைக்கும் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாலை நாலு மணிக்குச் சென்னியப்பன் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு ஆனைமலைக்குப் போனார். அதன் கணினி கம்பெனியிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ, அப்படியே இருக்கிறது.